விட்டுப் போன ஒரு வரி

ஒரு மனிதர் உழைத்த உழைப்பை மறந்துவிடுவதற்கு நம் நாட்டில் மிகவும் கௌரவமான வழி ஒன்று உண்டு. அவரைத் தெய்வப் பிறவி என்று சொல்லி, படத்துக்கு மாலை போட்டுவிட வேண்டும். மாலை போட்டாகிவிட்டால், பிறகு அவர் எழுதி வைத்ததைப் படிக்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை. தெய்வம் எழுதியதை மனிதன் எப்படிப் புரிந்துகொள்வது? கணித மேதை ராமானுஜன் விஷயத்தில் நாம் இந்தக் கைங்கரியத்தை ஒரு நூற்றாண்டுக் காலமாக வெகு சிரத்தையோடு செய்து வருகிறோம்.

அவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். அந்த டிசம்பர் 22 இப்போது தேசியக் கணித தினம். அன்று பள்ளிக்கூடங்களில் நடக்கும் கூட்டங்களுக்கு என்னைப் போன்ற கதை எழுதுகிறவர்களையும் சில சமயம் கூப்பிடுகிறார்கள். போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பேசுகிறவர் யாராயிருந்தாலும் இரண்டு சங்கதிகள் தவறாமல் வந்துவிடும். ஒன்று, நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைச் சொன்னாள் என்பது. மற்றொன்று, 1729 என்ற டாக்ஸி எண். இரண்டையும் சொல்லி முடித்தால் கைதட்டல், பிறகு நன்றியுரை, பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடலாம்.

இந்த இரண்டையும் சொல்லவே கூடாது என்பதல்ல என் கட்சி. சொல்லுகிற விதத்தோடுதான் எனக்குச் சண்டை. டாக்ஸிக் கதையையே எடுத்துக்கொள்வோம். நோய்ப்பட்டுப் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்கப் பேராசிரியர் ஹார்டி போகிறார். தாம் வந்த வண்டியின் எண் 1729 என்றும், அதில் விசேஷம் எதுவும் தெரியவில்லை என்றும் சொல்கிறார். ராமானுஜன் உடனே மறுக்கிறார். 1-இன் கனத்தையும் 12-இன் கனத்தையும் கூட்டினால் 1729. 9-இன் கனத்தையும் 10-இன் கனத்தையும் கூட்டினாலும் 1729. இப்படி இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுதான் என்கிறார்.

நடந்தது இவ்வளவே. மேடையில் இது எப்படி ஆகிவிடுகிறது? சந்தையில் மோடி மஸ்தான் கண்ணைக் கட்டிக்கொண்டு, கூட்டத்தில் ஒருவர் கையிலுள்ள ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்லுவானே, அந்த வித்தை மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் 1729-இன் இந்தக் குணம் 1657-ஆம் ஆண்டிலேயே பிரெனிக்கிள் என்ற பிரெஞ்சுக்காரருக்குத் தெரிந்திருந்தது. ராமானுஜனும் அந்த நோய்ப்படுக்கைக்கு முன்பே தம் குறிப்பேட்டில் அதை எழுதி வைத்திருந்தார். அன்று டாக்ஸியின் எண்ணைக் கேட்டதும் வானத்திலிருந்து மின்னல் இறங்கவில்லை. பழகிய முகத்தைத் தெருவில் பார்த்து அடையாளம் சொன்னார், அவ்வளவுதான். ஒவ்வொரு முழு எண்ணும் ராமானுஜனுக்குச் சொந்த நண்பன் என்ற பொருளில் லிட்டில்வுட் சொன்னதை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். நண்பன் என்ற சொல்லை மட்டும் யாரும் நின்று யோசிப்பதில்லை. நட்பு வரம் வாங்கி வருவதில்லை. பழகிப் பழகி வருவது.

இதில் என்ன குடி முழுகிப் போயிற்று, ஒரு மேதையைக் கொஞ்சம் கூடுதலாகப் புகழ்ந்தால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். அப்படிப்பட்ட ஒரு கூட்டம் முடிந்த பிறகு பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தேன். சூட்டிகையான பெண். கணக்கு எப்படி வருகிறது என்று கேட்டேன். "எங்களுக்கெல்லாம் எங்கே ஸார்? அதெல்லாம் சாமி குடுத்தாத்தானே வரும்!" என்றாள். அவள் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. அன்று காலை முழுவதும் மேடையிலிருந்து பெரியவர்கள் சொன்னதைச் சுருக்கி எனக்கே திருப்பிச் சொன்னாள்; சிரித்துக்கொண்டே சொன்னாள். சாமி கொடுக்காத பிள்ளை எதற்கு இன்னொரு முறை முயல வேண்டும்? ராமானுஜன் பெயரைச் சொல்லியே ஒரு பெண்ணின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கிவிட்டோம். குடி முழுகுவது என்றால் வேறு எப்படி இருக்கும்?

இந்த மனப்பான்மைக்குக் கூடப் பிறந்த தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயர் எண் சோதிடம். பிறந்த தேதியைக் கூட்டு, பெயரின் எழுத்துகளுக்கு எண் போட்டுக் கூட்டு, வண்டியின் எண்ணைக் கூட்டு. ஓர் இலக்கம் வரும் வரையில் கூட்டிக்கொண்டே போ. 1 வந்தால் சூரியன், 7 வந்தால் கேது, 9 வந்தால் செவ்வாய். பெயரில் ஓர் எழுத்தைக் கூடச் சேர்த்துக்கொண்டவர்களை உங்கள் தெருவிலேயே பார்க்கலாம். படித்தவர்கள்தாம். பிடித்த வண்டி எண் வேண்டும் என்று அதிகக் கட்டணம் கட்டுகிறவர்களும் படித்தவர்கள்தாம். இவர்களில் பலர் பள்ளியில் கணக்கைக் கண்டு நடுங்கியவர்களாக இருப்பதும் வேடிக்கை. எண்ணுக்குப் பயப்படுகிறவன்தான் எண்ணைக் கும்பிடுவான்.

இந்தக் கூட்டலின் ரகசியம் என்ன? ஒரு ரகசியமும் இல்லை. 10, 100, 1000 ஆகிய எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆகவே ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போவது, அந்த எண்ணை 9-ஆல் வகுத்து மீதி என்ன என்று பார்ப்பதற்குச் சமம். மீதியில்லாவிட்டால் 9 நிற்கும். பெருக்கல் சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்க இது உதவும். கல்யாணத்துக்கு நாள் குறிக்க எப்படி உதவும் என்பது எனக்கு விளங்கவில்லை.

அது மட்டும் அல்ல. நாம் பத்துப் பத்தாக எண்ணுவது நமக்குப் பத்து விரல்கள் இருப்பதால். மனிதனுக்கு எட்டு விரல்கள் இருந்திருந்தால் எட்டு எட்டாக எண்ணியிருப்பான். 5040 என்ற எண்ணைப் பாருங்கள். இலக்கங்களைக் கூட்டினால் 9, செவ்வாய். எட்டு விரல்காரன் இதே தொகையை 11660 என்று எழுதுவான். அவன் கூட்டினால் பதினான்கு வரும். பதினான்கை அவன் 16 என்று எழுதுவான்; அதையும் கூட்டினால் 7. செவ்வாய் இறங்கிப் போய்க் கேது வந்து உட்கார்ந்துவிடுவார்! ஐயாயிரத்து நாற்பது தேங்காய்களைக் குவித்து வைத்தால் குவியல் ஒன்றுதான். விரல் குறைந்ததற்காகக் கிரகம் மாறுமானால், அந்தக் கிரகம் தேங்காய்க் குவியலில் இல்லை, எழுதுகிறவன் கையில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆகவே எண்ணைப் பற்றிய குணங்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்று, எண்ணை நாம் எழுதும் விதத்தைச் சேர்ந்த குணம். மற்றொன்று, எண்ணுக்கே உரிய குணம். 5040-ஐ நம் பாட்டன்மார் ௫௲௪௰ என்று எழுதினார்கள். நாம் வேறு மாதிரி எழுதுகிறோம். எப்படி எழுதினாலும் அதை ஏழு பேருக்கு மீதியில்லாமல் பங்கிடலாம். பதினொரு பேருக்குப் பங்கிட முடியாது. இதை எந்தச் சோதிடராலும், எந்த விரலாலும் மாற்ற முடியாது.

முதல் வகைக் குணங்களோடு விளையாடுவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. மராட்டிய மாநிலத்துத் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் வாழ்நாளெல்லாம் இலக்கங்களோடு விளையாடியவர். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. அதன் இலக்கங்களை இறங்கு வரிசையில் ஒரு முறையும் ஏறு வரிசையில் ஒரு முறையும் அடுக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த விடையை மீண்டும் அப்படியே செய்யுங்கள். ஏழு தடவைக்குள் 6174 வந்து நிற்கும். இதைக் கண்டு சொன்னவர் அவர். அதை ஆனந்தத்துக்காகச் செய்தார். 6174-ஐத் தாயத்தில் எழுதிக் கட்டச் சொல்லவில்லை. யாருடைய பெயரையும் மாற்றச் சொல்லவில்லை. விளையாட்டுக்கும் வியாபாரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். ராமானுஜனின் உண்மையான உழைப்பு இங்கே இருக்கிறது.

அவர் 1914-ஆம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி சென்னையில் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டில் லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. 60 பக்கங்களுக்கு மேல். சங்கத்துக்கு அப்போது பணமுடை. ஆகையால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சாகாமல் நின்றுவிட்டது. அந்த மிச்சம் 1997-இல்தான் வெளிவந்தது. 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் அவருக்கு பி.ஏ. பட்டம் அளித்தது இந்த ஆராய்ச்சிக்காக. இங்கே எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவருக்கு அங்கே பட்டம் வாங்கிக் கொடுத்த கட்டுரை இது. நான் கேட்ட கூட்டங்களில் ஒன்றிலாவது இதன் பெயரை ஒருவரும் உச்சரித்ததில்லை.

கட்டுரையின் விஷயம் ஒரு சாதாரணக் கேள்வியில் தொடங்குகிறது. 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் எவை? 1, 2, 3, 4, 6, 12. ஆக ஆறு காரணிகள். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. 18-க்கும் 20-க்கும் ஆறு உண்டு; ஆனால் அவை 12-ஐ மிஞ்சவில்லை. 24 வந்த பிறகுதான் எட்டு ஆகிறது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகளைப் பெற்ற எண்ணை மிகுபகு எண் என்று சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை போகிறது. பகா எண்கள் தன்னையும் ஒன்றையும் தவிர யாரையும் கிட்டச் சேர்க்காத கருமிகள் என்றால், இவை வந்தவர்க்கெல்லாம் பங்கு கொடுக்கும் வள்ளல்கள்.

இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை, பிரபவ முதல் அட்சய வரையில் 60 ஆண்டு என்று கணக்கு வைத்தவர்கள் நாம். பங்கிடுவதற்கு வசதியான எண்ணின் அருமை தெரிந்தவர்கள். பழைய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, மொத்தம் 192. அதற்கு 14 காரணிகள். 1957 ஏப்ரல் முதல் தேதி அது 100 நயா பைசா ஆயிற்று. 100-க்குக் காரணிகள் ஒன்பதுதான். எழுதுவதற்கு நூறு சுலபம். ஆனால் ஒரு ரூபாயை மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுக்க அணாவால் முடிந்தது, நூறால் முடியவில்லை. கிரேக்க ஞானி பிளேட்டோ தம் இலட்சிய நகரத்துக்கு 5040 நிலச் சொந்தக்காரர்கள் இருக்க வேண்டும் என்று விதித்ததும் இதே நோக்கத்தோடுதான். நிலத்தை, படையை, வரியை, எதை எத்தனை பேருக்குப் பிரித்தாலும் சரியாகப் பிரிய வேண்டும். 5040-க்கு 60 காரணிகள் உண்டு. அதுவும் ஒரு மிகுபகு எண்.

பிளேட்டோ ஓர் எண்ணோடு நின்றார். ராமானுஜன் அந்த இனம் முழுவதற்கும் இலக்கணம் எழுதினார். எந்த மிகுபகு எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தாலும் 2, 3, 5, 7 என்று ஒன்றுவிடாமல் வரிசையாக வரும். 2 எத்தனை முறை வருகிறதோ அதற்கு மேல் 3 வராது. 3-ஐ மிஞ்சி 5 வராது. காரணம் மிக எளிது. இரண்டு மூன்றும் ஒரு இரண்டும் சேர்ந்தால் 18. அவற்றை மாற்றி இரண்டு இரண்டும் ஒரு மூன்றும் வைத்தால் 12. காரணிகளின் எண்ணிக்கை இரண்டுக்கும் ஆறு. குறைந்த விலையில் அதே சரக்கு கிடைக்கும்போது கூடுதல் விலை கொடுப்பானேன்? கடைசியாக வரும் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்றும், இதற்கு விலக்கு 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே என்றும் அவர் நிறுவினார். அத்தோடு நிற்காமல் இப்படிப்பட்ட எண்கள் 102-ஐ ஒரு நீண்ட அட்டவணையாக எழுதிக் கொடுத்தார். அதன் கடைசி எண் 6746328388800. அதாவது ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேல். கணக்குப் போடும் யந்திரங்கள் நம் சட்டைப் பைக்குள் வராத காலம் அது.

இந்த அட்டவணையில் ஒரு வரி விட்டுப் போயிருக்கிறது.

விட்டுப் போன எண் 293318625600. நம் கணக்கில் 29331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இதைப் பிரித்துப் பார்த்தால் ஆறு இரண்டு, நான்கு மூன்று, இரண்டு ஐந்து, இரண்டு ஏழு, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு முறை. காரணிகளை எண்ணுவது எப்படி? இரண்டுகளில் ஒன்றுகூட எடுக்காமல் இருக்கலாம், ஒன்று எடுக்கலாம், ஆறு வரையில் எடுக்கலாம். ஆக ஏழு வழி. அப்படியே மூன்றுக்கு ஐந்து வழி, ஐந்துக்கு மூன்று, ஏழுக்கு மூன்று, மற்ற நான்கு எண்களுக்கும் இரண்டிரண்டு. எல்லாவற்றையும் பெருக்குங்கள். 5040! பிளேட்டோவின் நகரத்தில் எத்தனை குடும்பங்களோ அத்தனை காரணிகள். 1 முதல் 22 வரையில் எந்த எண்ணால் வகுத்தாலும் இது மீதியில்லாமல் பிரியும். 23-இல்தான் முரண்டு பண்ணும்.

இன்னும் ஒரு வேடிக்கை. இதற்கு 5040 காரணிகள், 5040-க்கு 60, 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4. இத்தனையும் மிகுபகு எண்கள். சோதிடர் கையில் இது அகப்பட்டிருந்தால் இந்நேரம் செப்புத் தகட்டில் பொறித்து விற்றிருப்பார். ஆனால் இதற்கும் காரணம் உண்டு. இந்த எண்களின் காரணித் தொகை 7, 5, 3, 2 போன்ற சிறிய எண்களின் பெருக்கலாக அமைவதால், அந்தத் தொகைக்கும் நிறையக் காரணிகள் இருப்பது சகஜம். ஒவ்வொரு முறையும் இவ்வளவு அழகாக வாய்க்காது. இதற்கு முந்திய மிகுபகு எண்ணான 240940299600-க்குக் காரணிகள் 4800. அந்த 4800 மிகுபகு எண் அல்ல. வாய்த்த இடத்தில் ரசிக்கலாம், கும்பிட வேண்டியதில்லை.

ராமானுஜனின் அட்டவணையில் 4800 காரணிகள் உள்ள அந்த எண்ணுக்குப் பிறகு, நடுவில் நிற்க வேண்டியது இல்லாமல், 5376 காரணிகள் உள்ள 321253732800 வந்துவிடுகிறது. இப்போது நான் கேட்கிறேன்: கனவில் தெய்வம் வந்து சொல்லச் சொல்ல எழுதிய அட்டவணையில் ஒரு வரி விட்டுப் போகுமா? நாமகிரித் தாயாருக்கு எண்ணத் தெரியாதா? தூக்கக் கலக்கத்தில் இவர் காதில் விழவில்லை என்று சமாதானம் சொல்லுகிறவர்களும் இருப்பார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இது பெருக்கிப் பெருக்கிப் பார்த்து, ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு, தள்ள வேண்டியதைத் தள்ளி, கொள்ள வேண்டியதைக் கொண்டு, ஒரு மனிதர் கையால் செய்த வேலை. கையால் செய்த வேலையில்தான் ஓர் இழை விட்டுப் போகும். காஞ்சிபுரத்துத் தறியில் நெய்த சேலையை வாங்குகிறவர்கள் அதைக் கண்டு கோபிப்பதில்லை. கைத்தறிதான் என்று உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள்.

வேலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கும் இந்த இடமே சாட்சி. 13967553600 என்று ஓர் எண். இதை 21-ஆல் பெருக்கினால் விட்டுப் போன எண் கிடைக்கிறது. 23-ஆல் பெருக்கினால் அதற்கு அடுத்த எண் கிடைக்கிறது. மூன்றையும் ஏழையும் இன்னொரு தடவை சேர்ப்பதா, 23 என்ற புது ஆளை உள்ளே விடுவதா என்ற போட்டி. ஒவ்வொரு வரியிலும் இப்படி ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட பஞ்சாயத்துகளில் ஒன்றே ஒன்று விடுபட்டது என்றால், அந்த மனிதரின் கவனத்தை நினைத்து நாம் பிரமிக்க வேண்டும். அந்தப் பிரமிப்புத்தான் அவருக்குச் செய்யும் மரியாதை.

மூன்று ஆட்சேபங்கள் வரும் என்று தெரியும். முதலாவது: "தாயாரின் அருள் என்று ராமானுஜனே சொன்னாரே, நீ யார் மறுப்பதற்கு?" நான் மறுக்கவில்லை. களத்தில் நெல் குவிந்ததும் குடியானவன் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டு, எல்லாம் அவன் செயல் என்கிறான். அதைக் கேட்டுவிட்டு, இவன் உழவே இல்லை, நாற்று நடவே இல்லை என்று யாராவது சாதிப்பார்களா? அவன் சொன்னது அவனுடைய அடக்கம். அதையே நாம் சொன்னால் நம்முடைய சோம்பேறித்தனம். உடனிருந்து வேலை செய்த ஹார்டி, ராமானுஜனைக் கீழை நாட்டு மாயாவியாகச் சித்திரிப்பதைக் கடைசி வரையில் ஒப்புக்கொள்ளவில்லை. பக்தி இருக்கிறவர்களும் எண்ணை எண்ணாகவே பார்க்கலாம். 6 என்பது தன் காரணிகளான 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டலுக்குச் சமம். அதை நிறைவெண் என்பார்கள். கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்ததால் 6 நிறைவு பெறவில்லை, 6 நிறைவானது என்பதால்தான் ஆறு நாளில் படைத்தார் என்று வாதித்தவர் யார்? நாத்திகர் அல்ல, கிறிஸ்தவ மகானான அகஸ்டின்.

இரண்டாவது: "ஒரு பிழையைத் தோண்டி எடுத்து மேதையைச் சிறுமைப்படுத்துகிறாய்." இல்லை. வரத்தை யாரும் தொடர்ந்து செய்ய முடியாது, வேலையைத் தொடரலாம். விட்டுப் போன வரியைப் பின்னால் வந்தவர்கள் கண்டு சேர்த்தார்கள். 1944-இல் அலாவோக்ளு, ஏர்டிஷ் என்ற இருவர் ராமானுஜன் விட்ட இடத்திலிருந்து இந்த ஆராய்ச்சியை மேலே கொண்டு போனார்கள். அவர்கள் நாமக்கல் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கட்டுரையைப் படித்தார்கள். ராமானுஜனைச் சக தொழிலாளியாக மதித்தவர்கள் அவர்கள். நாம் சிறுமைப்படுத்தாமல் பூஜித்து, அவர் எழுதிய ஒரு பக்கத்தையும் புரட்டாமல் இருக்கிறோம்.

மூன்றாவது: "இவ்வளவு பெரிய எண்ணின் காரணிகளை எண்ணி என்ன பிரயோசனம்?" பங்கீட்டுக்கு உதவும் என்று முன்பே சொன்னேன், ஆனால் முப்பதாயிரம் கோடிக்குப் பக்கத்தில் நிற்கும் எண்ணை எந்த நகரமும் பங்கிடப் போவதில்லை என்பதும் உண்மைதான். இந்தத் துறை கணிதத்தின் பெரிய ஓட்டத்திலிருந்து ஒதுங்கிய ஒரு கிளை வாய்க்கால் என்பது ஹார்டிக்கும் தெரியும். தெரிந்தும், அசமன்பாடுகளைக் கையாள்வதில் ராமானுஜனுக்கு இருந்த அபாரத் திறமைக்கு இது அத்தாட்சி என்று போற்றினார். பிரயோசனம் கேட்கிறவர்களை நான் திருப்பிக் கேட்கிறேன்: இலக்கங்களைக் கூட்டிப் பெயரில் ஓர் எழுத்தைச் சேர்த்தீர்களே, அதனால் என்ன பிரயோசனம் கண்டீர்கள்? 5040-ஐயும் 293318625600-ஐயும் உங்கள் முறைப்படி கூட்டினால் இரண்டுக்கும் 9-தான் வரும். 9-ஆல் வகுபடும் எண் எதைக் கூட்டினாலும் அந்த 9-தான் வரும். இவ்வளவு பெரிய எண்ணிடம் போய், 9-ஆல் வகுபடுகிறாயா என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வருவது, திருவிழாவுக்குப் போய்ச் செருப்பு வைக்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவது போன்றது.

சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தவர் ராமானுஜன். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் பலகையில் எழுதி எழுதி முழங்கையால் அழித்தவர். அழித்து அழித்துக் கறுத்த அந்த முழங்கையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், கனவைப் பற்றி மட்டும் சொல்வதை நான் துரோகம் என்றே சொல்வேன். கனவு எல்லோருக்கும் வராது. முழங்கை எல்லோருக்கும் இருக்கிறது.

ஆகவே பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கும், டிசம்பர் 22 அன்று மேடை ஏறுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குத்துவிளக்கு ஏற்றுங்கள், மாலையும் போடுங்கள். பிரசங்கத்தில் மட்டும் கால் மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுங்கள். கரும்பலகையில் ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண்ணை எழுதுங்கள்: 6746328388800. இதை 23-ஆல் வகுத்துப் பார் என்று சொல்லுங்கள். மீதியில்லாமல் வகுபடும். வருகிற ஈவு எது தெரியுமா? அவர் விட்டுவிட்ட அதே எண். நடுவில் காணாமற்போன வரி, கடைசி வரியின் வயிற்றுக்குள் பத்திரமாக இருக்கிறது. சாமி கொடுத்தால்தான் கணக்கு வரும் என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு இந்த வகுத்தலைச் செய்யப் பத்து நிமிஷம் ஆகும். செய்து முடித்த பிறகு அவளிடம், ராமானுஜன் பட்டியலில் இல்லாத ஓர் எண் இப்போது உன் தாளில் இருக்கிறது என்று யாராவது ஒரு வாத்தியார் சொல்ல வேண்டும்.